எண்களைக் கண்டு ஏமாறலாமோ?

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு. மறுநாள் பள்ளிகள் திறக்கவிருந்தன. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், செம்பாக்கம் ஏரியின் பக்கம் குடியிருக்கும் தாய் ஒருவர் நம்மை நாடி வந்தார். நாலு வீடுகளில் வேலை செய்து இரு பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். அவர் கையில் நான்காக மடித்த ஒரு விளம்பரத் தாள்.

"ஃபாதர், சீட்டுப் பணம் பதினைந்தாயிரம் வந்திருக்கு. பெரியவ பதினொன்றாம் வகுப்புக்குப் போறா. படிக்க ஒரு டேப் வேணுமாம். இந்த ரெண்டில் எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

தாளைப் பிரித்துப் பார்த்தோம். முதற் கருவிக்கு 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பிடம், எட்டுக் கருச் செயலி, 13 மெகாபிக்சல் கேமரா. விலை 9,999 ரூபாய். இரண்டாவதற்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், 8 மெகாபிக்சல் கேமரா. விலையோ 13,499 ரூபாய். எண்கள் கூடியது விலை குறைந்ததாகவும், எண்கள் குறைந்தது விலை கூடியதாகவும் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் எவரும் முதலாவதையே காட்டுவர். ஆனால் நாம் உடனே விடை கூறவில்லை. கூறத் துணிவில்லை என்பதே உண்மை. ஏனெனில், நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே தாயின் பணத்தை நாம் ஒருமுறை வீணடித்திருக்கிறோம்.

நாம் செய்த தவறு

2021 ஆம் ஆண்டை வாசக அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொள்ளைநோயின் காரணமாகப் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பாடங்கள் எல்லாம் கைப்பேசி வழியே நடந்தன. தகப்பன் வேலைக்குச் செல்லும்போது கைப்பேசியும் உடன் சென்றுவிடும். பிள்ளையின் பாடமும் அதனோடு சென்றுவிடும். இந்நிலையில், நமது பங்கின் மாலைநேரப் படிப்பறைக்கு ஆறு பலகைக் கணினிகள் வாங்குவதென்று முடிவு செய்தோம். குடும்பங்கள் தங்களால் இயன்றதைத் தந்தன. மேற்சொன்ன தாய் ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். அந்நாட்களில் அவரை வேலைக்கு அழைப்பார் இல்லை. அந்த ஐந்நூறின் கனம் நமக்குத் தெரியும்.

கருவிகளைத் தேர்ந்தவர் நாமே. குருமடத்தில் நாம் கற்ற மெய்யியலும் இறையியலும் இதற்கு உதவவில்லை. தாளில் எந்த எண் பெரிதோ அது சிறந்தது என்று எண்ணினோம்; விலை மிகக் குறைந்ததைக் கண்டு மகிழவும் செய்தோம். மூன்றாம் மாதத்திலேயே உண்மை வெளிப்பட்டது. காணொலிப் பாடம் பாதியில் உறைந்து நிற்கும். விரலால் தொட்டால் சற்றுப் பொறுத்தே திரை அசையும். பாடசாலை பயன்படுத்தச் சொன்ன செயலி, 'உங்கள் கருவியில் இயங்காது' என்று மறுத்துவிட்டது. ஒரு கருவியின் மின்கலம் உப்பிப் பின்மூடியைத் தள்ளியது. விற்ற கடைக்காரர் கையை விரித்தார். ஆறில் ஐந்து இன்றும் நமது அலமாரியில் உறங்குகின்றன. கடைக்காரரைக் குறை கூறுவது எளிது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேளாமல் வாங்கியவர் நாம் அன்றோ?

ஆகாஷ் புகட்டும் பாடம்

இத்தவறு நமது பங்கில் மட்டும் நேர்ந்ததன்று. நாடு தழுவிய அளவிலும் ஒருமுறை நேர்ந்தது. 2010 ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தனது ஐபேடை வெளியிட்டு உலகின் கண்களைத் தன்பால் ஈர்த்தது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில், 35 டாலர் விலையில் மாணவர்களுக்கு ஒரு பலகைக் கணினி தரப்படும் என்று மத்திய மனிதவள அமைச்சர் கபில் சிபல் அறிவித்தார். 2011 அக்டோபர் 5 ஆம் நாள் புதுடெல்லியில் அது 'ஆகாஷ்' என்னும் பெயரோடு வெளியாயிற்று. டேட்டாவிண்ட் என்னும் நிறுவனம் செய்து தந்தது.

அதன் உறுப்புகளைச் சற்று நோக்குவோம். ஏழு அங்குலத் திரை. 366 மெகாஹெர்ட்ஸ் வேகச் செயலி. 256 எம்பி ரேம். திரையோ அழுத்தினால் மட்டுமே உணரும் வகையைச் சேர்ந்தது. இன்று நம் கைப்பேசிகளில் இருப்பது விரல் பட்ட மாத்திரத்தில் மின்னேற்ற மாறுதலை உணரும் வகை. ஆகாஷில் நகத்தால் ஊன்ற வேண்டியிருந்தது. மந்தமாக இருக்கிறது, மின்கலம் விரைவில் தீர்ந்துவிடுகிறது என்று மாணவர்கள் முறையிட்டனர். தர அளவுகளை வகுத்த ராஜஸ்தான் ஐ.ஐ.டி.க்கும் கருவியைச் செய்த நிறுவனத்துக்கும் இடையே சோதனை முறைகள் பற்றிப் பூசல் எழுந்தது. 2012 இல் பொறுப்பு மும்பை ஐ.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 11 ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஆகாஷ் 2' கருவியை வெளியிட்டார். அதில் ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலியும், 512 எம்பி ரேமும், விரல் தொடுகையை உணரும் திரையும் இடம்பெற்றன. ஓராண்டைச் சற்றே கடந்த காலத்துக்குள் இத்தனை மாற்றம் வேண்டியிருந்ததெனில், முதற் கருவி எவ்வளவு குறையுடையதாயிருந்தது என்பது கண்கூடு.

குறைந்த விலையில் கருவி தர எண்ணியது குற்றமன்று. அது நல்ல எண்ணமே. விலையை முதலில் குறித்துவிட்டு, அவ்விலைக்குள் அடங்கும்படி உறுப்புகளைத் தேடியதே இடராயிற்று. மாணவன் இதை வைத்து என்ன செய்யப் போகிறான் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. நாமும் அவ்வாறே செய்தோம்.

முதற் கேள்வி: எதற்காக?

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் வீட்டில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'எந்தக் கருவி?' என்பதன்று, 'எதற்காக?' என்பதே. பாடநூல்களைப் படிப்பதற்கும், காணொலிப் பாடம் காண்பதற்கும், வெளியூரிலுள்ள மகனின் முகத்தைப் பாட்டி காண்பதற்கும் பலகைக் கணினி ஏற்றது. பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்வதற்கும் கணக்கியல் மென்பொருள்களைப் பழகுவதற்கும் ஏற்றதன்று. வணிகவியல் படிக்கும் இளைஞர் ஒருவர் டேலி பழகப் பலகைக் கணினி வாங்கப் போவதாக நம்மிடம் கூறினார். அம்மென்பொருள் விண்டோஸ் கணினியில் நிறுவப்படுவது. ஆண்ட்ராய்டு பலகையில் நிறுவ இயலாது. அவருக்கு மடிக்கணினியே தேவை.

நமது மாநில அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2025-26 ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் இருபது லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது பலகைக் கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. 'அல்லது' என்னும் அந்த ஒரு சொல்லில்தான் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய அனைத்தும் அடங்கியிருக்கிறது. இனி, தாளில் காணும் எண்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

திரை

திரையின் அளவு மூலைக்கு மூலை குறுக்காக அளக்கப்படுவது. ஏழு அங்குலத்திற்கும் பத்து அங்குலத்திற்கும் மூன்றே அங்குலம்தான் வேறுபாடு என்று எண்ணிவிடலாகாது. பரப்பளவில் பத்து அங்குலத் திரை ஏறத்தாழ இருமடங்கு. பாடநூலின் முழுப் பக்கத்தையும் பெரிதாக்காமல் படிக்கப் பத்து அங்குலம் வேண்டும்.

அடுத்து, திரையிலுள்ள புள்ளிகள். பத்து அங்குலத் திரையில் 1280க்கு 800 என்றிருந்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 150 புள்ளிகள். 1920க்கு 1200 என்றிருந்தால் ஏறத்தாழ 224 புள்ளிகள். படம் பார்ப்பதில் இவ்வேறுபாடு பெரிதாய்த் தெரியாது. ஆனால் தமிழெழுத்து சுழிகளும் கொம்புகளும் நிறைந்தது. புள்ளி குறைந்த திரையில் சிற்றெழுத்துகளின் சுழிகள் மங்கும். இரவு நெடுநேரம் படிக்கும் பிள்ளையின் கண்கள் களைப்புறும். படிப்பதற்கென்று வாங்குவோர் வேறு எதில் குறைத்தாலும் இதில் குறைத்தலாகாது.

செயலி

'எட்டுக் கரு' என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். கரு என்பது கணக்கிடும் மூளையின் ஒரு கூறு. எட்டு இருப்பது நன்றுதான். ஆனால் எத்தகைய எட்டு? மரமேறத் தெரியாத எட்டுச் சிறுவரைக் காட்டிலும், மரமேறும் தொழிலாளி ஒருவரே விரைவில் இளநீர் பறித்துவிடுவார் அன்றோ? 2012 ஆம் ஆண்டில் வடிவமைக்கப்பட்ட கார்டெக்ஸ் ஏ53 வகைக் கருக்கள் எட்டு மட்டுமே கொண்ட செயலிகள் மலிவான கருவிகளில் நெடுங்காலம் இடம்பெற்று வந்துள்ளன. ஏ75, ஏ76 போன்ற வலிய கருக்கள் இரண்டேனும் உள்ள செயலி, எண்ணிக்கையில் அதே எட்டாயிருப்பினும், வேலையில் மிகவும் முந்தும். எனவே கருக்களை எண்ணாமல், செயலியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்ல மறுக்கும் கருவியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ரேமும் சேமிப்பிடமும்

நமது தாய்மார்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ரேம் என்பது சமையல் மேடை. சேமிப்பிடம் என்பது பரண். மேடை அகலமாயிருந்தால் காய் நறுக்கவும் மாவு பிசையவும் ஒரே வேளையில் இடமிருக்கும். பரண் அகலமாயிருந்தால் பாத்திரங்களை மிகுதியாக வைக்கலாம். ஒன்று மற்றொன்றாகாது.

இன்றைய விளம்பரங்களில் ஒரு தந்திரம் வழங்குகிறது. 4 ஜிபி ரேம் உள்ள கருவியில், சேமிப்பிடத்திலிருந்து 4 ஜிபியை எடுத்து ரேம் போலப் பயன்படுத்தச் செய்து, இரண்டையும் கூட்டி '8 ஜிபி' என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். அடியில் சிற்றெழுத்தில் '4 + 4' என்றிருக்கும். பரணின் ஒரு மூலைக்கு மேடை என்று பெயரிட்டது போன்றதே இது. ஒவ்வொரு முறையும் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் வேலை விரைவதில்லை. சேமிப்பிடத்திலும் வகைகள் உண்டு. இஎம்எம்சி என்பது பழைய வகை. யுஎஃப்எஸ் என்பது விரைவான வகை. மேலும், 64 ஜிபி என்று எழுதியிருந்தால் அத்தனையும் நமக்குக் கிடைப்பதில்லை. கருவியை இயக்கும் மென்பொருளே அதில் ஒரு நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். நினைவட்டை செருகும் வசதி இருந்தால் பாடக் காணொலிகளை அதில் வைத்துக்கொள்ளலாம்.

மின்கலம்

மின்கலத்தின் அளவை மில்லி ஆம்பியர் மணியில் குறிப்பார்கள். 8,000 என்றிருந்தால் ஏறத்தாழ முப்பது வாட் மணி மின்னாற்றல் என்று கொள்ளலாம். திரையும் செயலியும் சேர்ந்து மணிக்கு ஐந்து வாட் மணி உண்ணுமானால், ஆறு மணி நேரம் தாங்கும். அதே 8,000 எண் கொண்ட இரு கருவிகள் ஒன்று போல் உழைப்பதில்லை; திரையின் ஒளிக்கும் செயலியின் சிக்கனத்திற்கும் ஏற்ப மாறும். மின்கலம் உப்பினால் அதை மின்னேற்றுவதோ, குத்திப் பார்ப்பதோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்துவிடுவதே முறை.

தாளில் அச்சிடப்படாத எண்

இதுகாறும் கூறியவை தாளில் காணப்படுபவை. தாளில் பெரும்பாலும் காணப்படாத எண் ஒன்றுண்டு. அதுவே நம்மை வீழ்த்தியது. இக்கருவிக்கு எத்தனை ஆண்டுகள் வரை மென்பொருள் புதுப்பிப்பும் பாதுகாப்புத் திருத்தமும் கிடைக்கும் என்பதே அது. பழைய ஆண்ட்ராய்டு பதிப்போடு விற்கப்பட்டு, பின்னர் ஒருபோதும் புதுப்பிக்கப்படாத கருவி, உடல் நலமாயிருந்தும் பேச்சிழந்தவரைப் போன்றது. புதிய செயலிகள் அதனோடு பேச மறுக்கும். வாங்குமுன் அமைப்புகள் பகுதியைத் திறந்து, ஆண்ட்ராய்டு பதிப்பு எது, கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் எந்த மாதத்தது என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் பழையதாயின், அந்நிறுவனம் தன் பிள்ளையைப் பெற்றுவிட்டுப் பேணாமல் விட்டுவிட்டது என்று அறியலாம்.

கேமராவின் மெகாபிக்சலுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டாம். பாடம் படிக்கும் கருவிக்கு அது அணிகலனே. சிம் அட்டை செருகும் வசதிக்கு விலை கூடும். வீட்டில் கைப்பேசி இருக்குமாயின் அதிலிருந்தே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கடையில் நடந்தது

அடுத்த சனியன்று அத்தாயோடும் மகளோடும் நாமே தாம்பரம் கடைத்தெருவுக்குச் சென்றோம். மகள் தன் தாயின் கைப்பேசியில் இயற்பியல் பாடநூலை ஏற்றி வந்திருந்தாள். இரு கருவிகளிலும் அதைத் திறந்து காட்டும்படி கேட்டோம். விற்பனையாளர் சற்றே சலிப்புற்றார், எனினும் மறுக்கவில்லை.

விலை குறைந்ததில் பக்கங்கள் தயங்கித் தயங்கிப் புரண்டன. சமன்பாடுகளின் மேற்குறிகள் மங்கின. மற்றதில் எழுத்து தெளிந்து நின்றது. முன்னதன் 8 ஜிபி, '4 + 4' என்று அமைப்புகள் பகுதியில் தன்னை வெளிப்படுத்திக்கொண்டது. அதன் பாதுகாப்புத் திருத்தம் ஈராண்டு பழையதாயிருந்தது. 'குறைந்த எண்' கொண்ட மற்றதோ அம்மாதத்துக்கு முந்திய மாதத் திருத்தத்தோடு இருந்தது.

தாய் நெடுநேரம் பேசவில்லை. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் அவருக்கு அரை மாதத்து அரிசி பருப்பு. பின்னர் மகளை நோக்கி, "உனக்கு எதில் கண் வலிக்காம படிக்க முடியும்?" என்று கேட்டார். மகள் இரண்டாவதைக் காட்டினாள். முடிந்தது. நாம் இத்தனை பக்கங்களில் எழுதியதை அத்தாய் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார்.

பெட்டியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி இருக்கிறதா என்று பார்த்தோம். அரசாணைப்படி பலகைக் கணினிகளுக்கு அது கட்டாயம். தர எண்ணும், 'ஆர்' என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் அதில் காணப்படும். முத்திரையிட்ட ரசீது பெற்றோம். உத்தரவாதத்துக்கு எங்கே செல்ல வேண்டும் என்பதை ரசீதின் பின்புறமே எழுதி வாங்கினோம். ரசீது இல்லாதவருக்கு நீதி கேட்பது கடினம். ரசீது உள்ளவர், கடைக்காரர் கைவிரித்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். 2021 இல் நாம் ரசீதைத் தொலைத்திருந்தோம் என்பதையும் வெட்கத்தோடு இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

திரும்பும் வழியில் பேருந்தில் அத்தாயிடம், "அம்மா, அன்று நீங்கள் தந்த ஐந்நூறு வீணாயிற்று, அது நமது தவறு" என்றோம். "விடுங்க ஃபாதர். அன்னிக்கு ஏமாந்ததாலதானே இன்னிக்குக் கூட வந்தீங்க" என்றார். அச்சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

அன்புக் குடும்பங்களே, விளம்பரத் தாளோடு எவரேனும் இனி வருவீர்களாயின், நமது அலமாரியிலுள்ள ஐந்து கருவிகளில் ஒன்றை முதலில் உங்கள் கையில் தருவோம். அதன் பெட்டியில் அச்சிட்ட எண்களைப் படித்துவிட்டு, அதில் ஒரு பாடநூற் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் திறக்கும்வரை காத்திருக்கும் அந்த நேரத்தில், எதற்காக வாங்குகிறோம் என்பதைப் பிள்ளையோடு அமர்ந்து பேசிவிடலாம்.